தலை தட்டின அலையும் சோழகக் காற்றும்: பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் கிளிநொச்சியில் மோட்டர் வைண்டிங் கடை வைத்திருப்பவன். எரிந்த மோட்டரைப் பிரித்து, கருகின கம்பியை உருவி எறிந்து, புதுச் சுற்றுப் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். பட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் காற்றாலை ஜெனரேட்டரின் வயிற்றுக்குள் கை விட்டவன். தொண்ணூறுகளில் அகதியாகத் தமிழ்நாட்டில் இருந்தபோது நாகர்கோவில் பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளிலிருந்து 225, 250 கிலோவாட் ஜெனரேட்டர்கள் லொறியில் வந்து இறங்கும். அந்தக் காலத்து மிஷின்கள் எளிமையானவை. ஜெனரேட்டர் நேரே லைனில் தொங்கும், வேகம் பெரிதாக மாறாது, பக்கத்தில் ஒரு பெட்டி நிறையக் கப்பாசிட்டர் இருக்கும். அந்தக் கப்பாசிட்டர்கள்தான் முதலில் போகும். வயிறு ஊதி, ஓரம் பிளந்து கிடக்கும். காற்று கூட அடித்ததால் என்று முதலாளி சொல்வார். நாங்களும் தலையாட்டுவோம். காற்றுக்கும் கப்பாசிட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற அளவுக்கு அப்போது புத்தி இல்லை.

கேட்க வந்ததை முதலே சொல்லிவிடுகிறேன். வன்னியில் இனி ஏறப்போகும் ஒவ்வொரு காற்றாலையையும் மின் லைனோடு சேர்க்கும் இணைப்பு நிபந்தனையிலும் ஒரு விஷயத்தை எழுதி வையுங்கள். லைனில் வரும் வோல்ட் அலை கெட்டுப்போயிருக்கும் நேரத்தில் அந்தக் காற்றாலையின் கட்டுப்பாடு யாரைக் காப்பாற்ற வேண்டும்? தன் கியர் பொக்ஸையா, கரண்டை உருமாற்றும் தன் கொன்வேட்டரையா, லைனில் தொங்கும் எங்களையா? இதை மிஷின் செய்பவரின் மென்பொருள் தீர்மானிக்க விடாதீர்கள். காற்றாலை அனுமதி பற்றி எங்கள் பக்கம் நடந்த கூட்டங்களில் நானும் போய் இருந்திருக்கிறேன். காணி, பறவை, வெள்ளம், மீன்பிடி எல்லாம் பேசினார்கள். பேச வேண்டியவைதான், 2025இல் மன்னார்ச் சனம் தெருவில் நின்றதும் அதற்காகத்தான். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் கரண்டின் தரம் பற்றி நான் இருந்த கூட்டங்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

எனக்கு இது எப்படிப் பிடிபட்டது என்று சொல்ல வேண்டும்.

பரந்தன் பக்கம் ஒரு அரிசி மில். அதன் 20 குதிரைவலு மோட்டர் மூன்று மாதத்தில் இரண்டு தரம் என் கடைக்கு வந்தது. முதல் தரம் என் வேலையில் பிழை என்று நினைத்து நானே காசைக் குறைத்துவிட்டேன். இரண்டாம் தரம் பிரித்தபோது கொஞ்சம் நின்று பார்த்தேன். எங்கள் தொழிலில் சாம்பலைப் பார்த்தே சாவுக்குக் காரணம் சொல்வோம். மூன்று சுருளையும் முக்கோணமாக இணைத்த டெல்டாவில் ஓடும் மோட்டரில் ஒரு பேஸ் மட்டும் கருகியிருந்தால் ஃபியூஸ் ஒன்று போயிருக்கிறது. மூன்றும் ஒரே நிறமென்றால் பாரம் கூடியிருக்கிறது. இதில் மூன்றும் வறுத்த கோப்பிக்கொட்டை மாதிரி, ஒன்று மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் கறுப்பு. நடுவில் சுற்றும் ரோட்டரைத் துடைத்துப் பார்த்தால் இரும்பில் நீலம் பாய்ந்திருந்தது. ரோட்டர் இப்படிக் காய வேண்டுமென்றால் அது சுற்றுகிற பக்கத்துக்கு எதிராக ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

மில்காரர் முறைப்பாடு கொடுத்தார். வந்தவர் மீட்டரை வைத்துப் பார்த்தார், 230க்குப் பக்கத்தில் காட்டியது, "வோல்ட் சரியா இருக்கு அண்ணை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மீட்டர் அலையின் உயரத்தைச் சொல்லும், முகத்தைக் காட்டாது.

அக்காவின் மகள் அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் படிக்கிறாள். ஒரு சனிக்கிழமை, அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஒசிலஸ்கோப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கு வந்தாள். பின்னேரம் ஆறரை மணி இருக்கும். மில்லும் ஓடுகிறது, ஊரில் விளக்குகளும் எரியத் தொடங்கிவிட்டன. திரையில் வந்த அலைக்கு உச்சியே இல்லை. ஷெல் விழுந்து தலை போன பனைகளை நாங்கள் பார்த்து வளர்ந்தவர்கள், அப்படி ஒரு தட்டை. அந்தத் தட்டையிலும் சின்னச் சின்ன வெட்டுக்கள். பக்கத்துக் கட்டடத்தில் மோட்டரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டியை நிறுத்தச் சொன்னாள், வெட்டுக்கள் மறைந்தன, தட்டை அப்படியே இருந்தது. "மாமா, இது மோட்டரின்ட பிழையில்லை. கரண்டின்ட பிழை" என்றாள். முதல் தரம் குறைத்த காசு அப்போதுதான் நெஞ்சில் குத்தியது.

பிறகு அவள் விளங்கப்படுத்தினது இதுதான். எல்ஈடி விளக்கு, டிவி, சார்ஜர் எல்லாம் அலையின் உச்சியில் மட்டும் கரண்டைக் கடித்து எடுப்பவை. ஊர் முழுக்க ஒரே இடத்தில் கடித்தால் உச்சி தேயும். மூன்று பேஸ் விஎஃப்டிகள் ஆறு துடிப்பாக இழுக்கும். இரண்டும் சேர்ந்து 50 ஹேர்ட்ஸ் அலைக்குள் 250, 350 ஹேர்ட்ஸ் குட்டி அலைகளை ஏற்றிவிடுகின்றன. ஐந்தாவது, ஏழாவது ஹார்மோனிக் என்பது இவைதான். ஏழாவது மோட்டர் சுற்றுகிற பக்கமே சுற்றும். ஐந்தாவது எதிர்ப்பக்கம் சுற்றும். ரோட்டரில் நீலம் பாய்ச்சினதில் அதற்குப் பங்கு உண்டு. கூடவே மூன்று பேஸும் சமமில்லாதது. வோல்டில் ஒரு சதவீதம் சமமில்லாவிட்டால் மோட்டரின் கரண்டில் அது ஆறு முதல் பத்து மடங்காகத் தெரியும். கப்பாசிட்டர் கதையும் அன்றுதான் தீர்ந்தது. அலை எவ்வளவு வேகமாக ஆடுகிறதோ கப்பாசிட்டர் அவ்வளவுக்கு வழி விடும். முப்பந்தலில் வயிறு ஊதினது லைனில் இருந்த குட்டி அலைகளை விழுங்கித்தான் இருக்கும். காற்றுக்கு வீண்பழி.

சரி, காற்றாலைக்கு வருகிறேன்.

இப்போதைய காற்றாலைகளில் ஒரு பெரிய வகை, அசையாமல் நிற்கும் சுருளான ஸ்டேட்டர் நேரே லைனிலும் ரோட்டர் ஒரு கொன்வேட்டர் வழியாகவும் இணைந்திருப்பது. கொன்வேட்டர் மிஷினின் முழு வலுவுக்கு இருக்காது. 25, 30 சதவீதம் போதும். அதனால்தான் விலை குறைவு. நான்கு துருவ மிஷின் என்றால் 1500 சுற்றுக்கு மேலேயும் கீழேயும் ஓடலாம். 1200இல் ஓடினால் ரோட்டருக்கு 10 ஹேர்ட்ஸ் கரண்டை ஊட்டினால் சரி, ஸ்டேட்டரில் 50 வந்துவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் ஸ்டேட்டர் மட்டும் பழைய முப்பந்தல் மிஷின் மாதிரியே லைனில் நேரே தொங்குகிறது. லைனில் அந்தக் குட்டி அலைகளின் அழுக்கு இருந்தால் இடையில் தடுப்பது சுருளின் சிறிய கசிவுத் தடை மட்டும்தான். வோல்டில் கொஞ்சம் கெட்டாலே கரண்டில் அதிகம் கெடும். மற்ற வகையில் கரண்ட் முழுவதும் கொன்வேட்டர் வழியாகப் போகிறது. அங்கே ஜெனரேட்டர் தப்பிவிடும், ஆனால் லைன் பக்கக் கொன்வேட்டருக்கும் நடுவிலுள்ள டிசி கப்பாசிட்டருக்கும் அதே தலையிடி உண்டு.

இதைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் ஒரு வித்தை செய்கிறது. அது 50 ஹேர்ட்ஸ் அலையோடு கூடவே சுற்றிக்கொண்டு உலகத்தைப் பார்க்கிறது. கூடவே சுற்றுபவனுக்கு அந்த அலை அசையாமல் நிற்பது போலத் தெரியும். அசையாததைக் கட்டுப்படுத்துவது சுலபம். குட்டி அலைகள் அவனுக்கு எப்படித் தெரியும்? வற்றாப்பளை அம்மன் கோயில் வீதியை நீங்கள் ஒரு சுற்று நடந்து முடிக்கிற நேரத்தில், ஒருவன் எதிர்ப்பக்கமாக ஐந்து சுற்று ஓடுகிறான் என்று வையுங்கள். ஆறு தரம் உங்களுக்கு முன்னால் வருவான். இன்னொருவன் உங்கள் பக்கமே ஏழு சுற்று ஓடுகிறான். அவனும் உங்களை ஆறு தரம் முந்துவான். எதிரே வருபவனும் முந்துபவனும் உங்களுக்கு ஒரே கணக்கு. அதனால்தான் 250உம் 350உம் அந்தச் சுற்றும் பார்வையில் ஒரே 300 ஹேர்ட்ஸாகத் தெரிகின்றன. ஜெனரேட்டரின் தண்டைத் திருகும் விசை, அதாவது முறுக்கு, வினாடிக்கு 300 தரம் அதிரும். வெளியே போகும் வலுவும் அப்படியே. பேஸ்கள் சமமில்லாவிட்டால் அதற்கு மேல் 100 ஹேர்ட்ஸில் இன்னொரு அதிர்வு. அந்த மூன்று இறக்கைகளுக்கு இது உறைக்காது, அவற்றின் பாரம் அப்படி. தண்டும் கியர்ப் பல்லும் சுருளும்தான் உணரும்.

ஒன்றுக்கு இரண்டாக வந்த இந்தத் தொல்லையில் ஒரு நல்ல காரியமும் உண்டு. 300க்கு மட்டும் மருந்து கொடுத்தால் ஐந்தும் ஏழும் ஒன்றாக அடங்கும். அசையாததைப் பிடிக்க வைத்த வழக்கமான பிஐ கட்டுப்பாடு இவ்வளவு வேகமாக ஆடுவதை எட்டிப் பிடிக்காது. அதோடு 300 ஹேர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்த ஒரு ரெசொனன்ட் பகுதியைச் சேர்க்கிறார்கள். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுவது போல. நேரம் தவறினால் தள்ளல் இடியாகிவிடும். இங்கேதான் அனுபவம் தேவை. வினாடிக்கு 5000 தரம் கணக்குப் போடும் கட்டுப்பாட்டில் அளந்து, கணக்கிட்டு, கட்டளை வெளியே போக ஒன்றரைச் சுற்று, அதாவது 0.3 மில்லிவினாடி பிந்தும். 50 ஹேர்ட்ஸில் இது பெரிதாகத் தெரியாது. 300இல் அது 32 பாகை. அந்தப் பிந்தலை முன்கூட்டியே ஈடு செய்யாவிட்டால் அதிர்வை அடக்கப் போட்டது அதிர்வை வளர்க்கும். எங்கள் நாட்டுக் கிரிட், அதாவது மின் வலைப்பின்னல், சின்னது, அதிர்வெண் 50இல் ஆணி அடித்தாற்போல் நிற்காது. 49.5க்கு இறங்கினால் 300 என்பது 297. ஒரே புள்ளியில் கூராகச் சுருதி சேர்த்தது அப்போது கைவிட்டுவிடும், கொஞ்சம் அகலமாக வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முதல் படி லைனின் தாளத்தைப் பிடிப்பது. திருவிழாச் சந்தடியில் தவில்காரர் நாதஸ்வரத்துக்குக் காது கொடுப்பது போல, கெட்ட அலைக்குள்ளிருந்து உண்மையான 50 எங்கே என்று மென்பொருள் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பினால் தாளம் போய்விடும், காற்றாலையே லைனில் அழுக்கை ஏற்றும். எதையும் வடிகட்டிக்கொண்டு நிதானமாக இருந்தால் லைனில் திடீரென்று வோல்ட் விழும்போது பிந்திவிடும். எவ்வளவு நிதானம், எவ்வளவு துடிப்பு என்பது லைனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. டென்மார்க் லைனுக்குச் சரியானது பூநகரி லைனுக்குச் சரிவராது.

இனி என் கேள்விக்கு. 300 ஹேர்ட்ஸை அடக்குவது என்றால் எதில் அடக்குவது? ஸ்டேட்டர் கரண்டைச் சுத்தமாக்கலாம். எங்களுக்கு நல்லது, ஆனால் முறுக்கு அதிரும். முறுக்கை அமைதிப்படுத்தலாம். கியர் பொக்ஸ் தப்பும், ஆனால் அதற்கு விலையாக அழுக்குக் கரண்ட் லைனுக்கு வரும். ரோட்டர் கரண்டைச் சுத்தமாக்கினால் ரோட்டர்ச் சுருளும் கொன்வேட்டரும் குளிர்ச்சியாக இருக்கும். வெளியே போகும் வலுவைச் சமமாக்கலாம், அப்போது கரண்ட் நெளியும். ரோட்டர் பக்கக் கொன்வேட்டரை மட்டும் வைத்துக்கொண்டு நான்கையும் ஒன்றாகப் பெற முடியாது. இது கட்டுப்பாட்டுக்காரரின் திறமைக் குறைவு இல்லை, கணக்கே அப்படி. லைன் பக்கக் கொன்வேட்டரையும் சேர்த்து ஓட்டினால், ஒன்று முறுக்கைப் பார்க்க மற்றது லைனுக்குப் போகும் மொத்தக் கரண்டைச் சுத்தப்படுத்தலாம். ஆனால் அதுவும் 30 சதவீத அளவுக் கொன்வேட்டர்தான், அதற்கு ஒரு எல்லை உண்டு.

ஆக, ஒவ்வொரு தெரிவுக்குப் பின்னாலும் ஒரு பணப்பை இருக்கிறது. கியர் பொக்ஸ் மாற்றுகிற செலவு கொம்பனிக்கு. மோட்டர் எரிகிற செலவு மில்காரருக்கு. கொம்பனிக்காரரின் இடத்தில் நான் இருந்தாலும் என் கியர் பொக்ஸைத்தான் பார்ப்பேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இந்தத் தெரிவைச் செய்ய வேண்டியவர் லைனில் தொங்கும் எல்லோருக்கும் பொதுவான ஒருவர்.

வன்னியில் ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளில் இங்கே கிரிட்டே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். கரண்டின் தரம் பற்றிப் பேச வாய்த்ததே பெரிய பாக்கியம் என்று அம்மா சொல்வா. இப்போது வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வந்து சுன்னாகம் போகும் 132 கிலோவோல்ட் வழி இருக்கிறது. அதிலிருந்து 33 கிலோவோல்ட் லைன்கள் காடும் வயலும் கடந்து நெடுந்தூரம் போகின்றன. நீளமான லைனின் நுனி பலவீனமானது. இரணைமடு வாய்க்காலின் கடைசி வயல்காரரிடம் கேளுங்கள், மேலே ஒருவர் மடையைத் திறந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும். கொழும்பில் பத்து விஎஃப்டி ஓடினாலும் அலை அசையாது. இங்கே ஒன்று ஓடினால் ஊருக்கே தெரியும். காற்றாலைப் பண்ணைக்குள் புதைத்த கேபிள்களும் கப்பாசிட்டர் மாதிரித்தான் நடக்கும். அது லைனோடு சேர்ந்து 250க்கோ 350க்கோ பக்கத்தில் ஒத்திசைந்தால் சின்ன அழுக்கும் பெரிதாகும்.

இன்னொன்று, பருவம். சோழகம், அதாவது தென்மேல் காற்று, வைகாசியில் எழும்பி புரட்டாதி வரைக்கும் அடிக்கும். சிறுபோக நெல் ஓகஸ்ட், செப்டெம்பரில் மில்லுக்கு வரும். காற்றாலை உச்சத்தில் ஓடுவதும் மில்கள் இரவு பகலாக ஓடுவதும் ஒரே மாதத்தில். இணைப்புக்கு முன் அளவெடுக்கிறோம் என்று மார்கழி மழைக்குள் ஒரு கிழமை மீட்டர் வைத்தால் அது எதையும் காட்டாது.

மன்னாரில் 103.5 மெகாவாட் தம்பபவனி 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது, தலா 3.45 மெகாவாட்டில் முப்பது மிஷின்கள். பளைப் பக்கம் காற்றாலைகள் அதற்கு முன்பே நிற்கின்றன. மன்னாருக்கும் பூநகரிக்கும் சேர்த்து 484 மெகாவாட் போட இருந்த அதானி 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. காற்று விலகவில்லை, வேறு யாராவது வருவார்கள். அதே பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு துணைமின் நிலையத்துக்குள் போய் நாடே இருண்டது. குரங்குக்கு நிபந்தனை எழுத முடியாது, காற்றாலைக்கு எழுதலாம்.

எழுதும்போது இவற்றைப் பாருங்கள் என்று கேட்கிறேன். ஐஈஈஈ 519 என்ற நியமம் 33 கிலோவோல்டில் வோல்ட் அலையின் மொத்தக் கெடுதலை 5 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது, 132இல் 2.5. அந்த எல்லைக்குள் அலை கெட்டிருக்கும்போது காற்றாலை லைனிலிருந்து கழன்றுவிடாமல் ஓட வேண்டும், லைனுக்குப் போகும் கரண்ட் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது முதல் இலக்காகட்டும். கியர் பொக்ஸ் இரண்டாவது. எல்லை தாண்டினால் வரிசை மாறலாம், எப்போது மாறும் என்பதையும் எழுதுங்கள். வோல்ட் திடீரென்று விழுந்தால் மிஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ரெசொனன்ட் கட்டுப்பாடு சேர்ப்பது பெரும்பாலும் மென்பொருள் வேலைதான். முதல் நாளே கேட்டால் கொன்வேட்டரில் கொஞ்சம் அளவு கூட்டி வைத்துத் தருவார்கள். கோபுரம் நட்ட பிறகு கேட்டால் ஃபில்டர் பெட்டிக்கு யார் காசு கொடுப்பது என்று பத்து வருடம் கடிதம் எழுத வேண்டிவரும்.

காற்றாலை எப்படி நடக்கும் என்று கணினியில் ஓட்டிக் காட்டக் கொம்பனி தரும் மாதிரியுரு பூட்டின பெட்டியாக இருக்கக் கூடாது. ஐந்து, ஏழு ஹார்மோனிக் ஏற்றின வோல்டில் அது எப்படி நடக்கிறது என்று வெளியாட்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பொறியியல் பீடம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கும் படிப்பாகும்.

மில்காரர்களையும் விட்டுவிடச் சொல்லவில்லை. அழுக்கில் பாதி அவர்களுடையது. அந்த விஎஃப்டிக்கு முன்னால் கரண்டை மிருதுவாக்கும் ஒரு சோக் சுருள் போடச் சொல்லி நான் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன். "காற்றாடிக்காரனை முதல்ல கேளுங்கோ" என்கிறார் பரந்தன் மில்காரர். அவர் வாயை அடைக்கவாவது நீங்கள் காற்றாடிக்காரரைக் கேட்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே அளவுகோல், அளந்தது எல்லோரும் பார்க்கும்படி தமிழில்.

அளப்பதற்கு ஐஈசி 61000-4-30 என்ற அளவீட்டு நியமம் சொல்லும் ஏ வகுப்பு மீட்டர் வேண்டும். பரந்தன், முழங்காவில், பூநகரி, முல்லைத்தீவு லைன்களில் ஒவ்வொன்று, வைகாசியிலிருந்து புரட்டாதி வரை. பரந்தனில் எங்கே பூட்டுவது என்று யோசிக்க வேண்டாம். மில்காரர் சுவரில் இடம் தருகிறேன் என்றிருக்கிறார். ஒசிலஸ்கோப் தொங்கின ஆணி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு மோட்டர் வைண்டிங் தொழிலாளி